ட்ரு மலையின் மேற்குச் சுவர்: பழைய வழிகளில் இன்று எது மிச்சம்?

#1 — கல்வரை

அனைவருக்கும் வணக்கம். பிரெஞ்சு ஆல்ப்ஸில் மோன் பிளாங்க் மலைத்தொகுதியின் ட்ரு பற்றி ஓர் இழை தொடங்கலாம் என்று நினைக்கிறேன். ஷமோனியிலிருந்து பல்சக்கர ரயிலில் மோன்டென்வேர் போய் இறங்கியதும் எதிர்க்கரையில் ஒரே கூம்பாகத் தெரியும் மலை அது. உண்மையில் உச்சி இரண்டு. பெரிய ட்ரு 3,754 மீட்டர், சின்ன ட்ரு 3,733 மீட்டர். கீழிருந்து பார்த்தால் சின்னது பெரியதை மறைத்துவிடும்.

பழைய வழிகாட்டி நூல்களில் மேற்குச் சுவரின் படத்தில் ஏழெட்டுக் கோடுகள் வரைந்திருப்பார்கள். 1952-ன் பிரெஞ்சு வழி, 1955-ல் போனாட்டி தனியாக ஏறிய தென்மேற்குத் தூண், 1962-ன் அமெரிக்க நேர்வழி, 1965-ன் அமெரிக்க மிகுநேர்வழி, அதன்பின் டெஸ்டிவெல், லஃபாய் ஆகியோரின் வழிகள். 2005-ல் தூணே இடிந்து விழுந்தபின் இந்தப் படத்தை எப்படி வாசிப்பது? எந்தக் கோட்டுக்கு இன்னும் கீழே பாறை இருக்கிறது? எது வரலாறாக மட்டும் மிஞ்சியது? யார் எந்த ஆணியால் (விரிசலில் அடிக்கும் உலோக ஆப்பு, பிட்டன்) எப்படி ஏறினார்கள் என்ற நுட்பத்தோடு எழுதினால் நல்லது. சாகச வர்ணனை வேண்டாம்.

#2 — மூத்தகயிறு

நல்ல கேள்வி, கல்வரை. ஆனால் மேற்குச் சுவருக்குப் போகுமுன் மலையின் மறுபக்கத்தைச் சொல்லியாக வேண்டும். இன்றும் பெரும்பாலானோர் இறங்குவது அந்தப் பக்கம்தான்.

பெரிய ட்ருவின் முதல் ஏற்றம் 1878 செப்டம்பர் 12. கிளின்டன் டென்ட், ஜேம்ஸ் வாக்கர் ஹார்ட்லி என்ற இரு ஆங்கிலேயர்களும், அலெக்சாண்டர் புர்கெனர், காஸ்பர் மௌரர் என்ற வழிகாட்டிகளும். தென்கிழக்கே ஷார்ப்புவா பனியாற்றுப் பக்கமாகப் போனார்கள். அதற்கு முன் டென்ட் பதினெட்டு முறை முயன்று திரும்பியவர். சில முயற்சிகளில் ஏணிகூடச் சுமந்து போனார்கள். அத்தனை தோல்விக்கும் காரணம் ஏற முடியாத பாறை என்பதைவிட வழி தெரியாமைதான். அந்தப் பக்கம் ஒன்றுபோலவே தெரியும் வாய்க்கால்களும் முகடுகளும் நிறைந்தது. தவறான வாய்க்காலில் நுழைந்தால் மூன்று மணி நேரம் கழித்துத்தான் அது முட்டுச்சந்து என்று தெரியும். இன்றைக்கும் அங்கே ஆட்கள் நேரத்தைத் தொலைப்பது இப்படித்தான்.

சின்ன ட்ருவில் அடுத்த ஆண்டே, 1879 ஆகஸ்ட் 29-ல், ஷமோனிக்காரர்களான ழான் ஷார்லே-ஸ்ட்ராட்டன், புரோஸ்பர் பயோ, ஃபிரெடெரிக் ஃபொலிகே மூவரும் ஏறினார்கள். வெளியூர்ப் பிரபு யாரையும் அழைத்துப் போகாமல் வழிகாட்டிகளே தங்களுக்காக ஏறியது. இதற்கு நான் தனி மதிப்புக் கொடுப்பேன்.

ஷார்லே 1876-ல் தனியாக இதே உச்சியை முயன்றார். அப்போது இறங்குவதற்குக் கண்டுபிடித்த முறைதான் இன்று உலகம் முழுக்க உள்ளது: கயிற்றை இரட்டையாக்கிப் பாறைக்கொம்பில் மாட்டு, இரு இழையையும் பிடித்து இறங்கு, கீழே வந்ததும் ஒரு முனையை இழுத்துக் கயிற்றை மீட்டுக்கொள். நாம் ராப்பெல் என்பது அதைத்தான்.

#3 — நீலக்குறிஞ்சி

மூத்தகயிறு அண்ணா, அப்போது நைலான் கிடையாதே? எந்தக் கயிற்றில் இறங்கினார்கள்? விழுந்தால் தாங்குமா?

#4 — மூத்தகயிறு

சணல்வகை நாரும் மணிலா நாரும்தான், தங்கச்சி. இறங்குவதற்கு ஆளின் எடையைத் தாங்கும். முன்னால் ஏறுபவர் விழுந்தால் தாங்கும் என்ற நம்பிக்கை கிடையாது. நார்க்கயிறு நீளாது, விழுகையின் அதிர்ச்சி முழுவதும் ஒரே கணத்தில் கயிற்றிலும் இடுப்பிலும் ஏறும். நனைந்தால் விறைக்கும், உறைந்தால் முடிச்சு அவிழாது, உள்ளுக்குள் அழுகினால் வெளியே தெரியாது. அதனால்தான் முன்னவர் விழவே கூடாது என்பது சட்டமாக இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நைலான் பரவியதும்தான் செங்குத்துச் சுவர்களில் துணிந்து முன்னேற முடிந்தது.

#5 — வடமுகம்

காலவரிசையில் அடுத்தது வடக்குச் சுவர். 1935 ஜூலை 31, ஆகஸ்ட் 1 இரண்டு நாட்களில் பியேர் அலானும் ரேமோன் லெனிஞ்சரும் ஏறினார்கள். பாரிசுக்குப் பக்கத்தில் ஃபொன்தென்ப்ளோ காட்டு மணற்கல் பாறைகளில் பழகியவர்கள். அங்கே பாறை ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ஒவ்வொரு அசைவும் கடினம். அந்தப் பழக்கத்தை 800 மீட்டர்ச் சுவருக்குக் கொண்டு வந்தார்கள் என்பதுதான் முக்கியம்.

சுவரின் நடுவே 'நீஷ்' என்ற பனித்திட்டு உண்டு. அதற்கு மேலே உள்ளதுதான் அலான் விரிசல். இன்று பலர் அதற்குப் பதில் மார்ட்டினெட்டி விரிசல் வழியாகப் போகிறார்கள். அலானின் இன்னொரு கொடை ரப்பர் அடிப்பாகம் கொண்ட இறுக்கமான ஏறுகாலணி. அவர் பெயரின் முதலெழுத்துகளால் 'பி.ஏ.' என்றே விற்றது. பாறையில் இரவு தங்குவதற்கு எடை குறைந்த இறகு மேலாடை, பை ஆகியவற்றையும் அவரே வடிவமைத்துச் சோதித்தார். மேலே இரவைக் கழிக்க முடியும் என்ற நிலை வந்த பிறகுதான் மேற்குச் சுவரைப் பற்றி யோசிக்கவே வழி பிறந்தது.

#6 — பிட்டன்பை

1952-க்கு வருவோம். இதில் ஒரு விஷயத்தை மென்று விழுங்காமல் சொல்ல வேண்டும்.

கீடோ மன்யோன், லூசியன் பெரார்தினி, அத்ரியன் தகொரி, மார்செல் லெனே நால்வர். ஜூலை தொடக்கத்தில் கீழிருந்து ஏறி, 90 மீட்டர் மூலை எனப்படும் பெரிய இருபக்க மூலை வரை போனார்கள். தண்ணீரும் வலுவும் தீர்ந்து இறங்கினார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தவர்கள் கீழிருந்து தொடங்கவில்லை. வடக்குச் சுவர் வழியாக ஏறி, அங்கிருந்து பாறையில் துளையிட்டு போல்ட் அடித்துக் குறுக்கே நகர்ந்து, விட்ட இடத்துக்கு மேலே சேர்ந்து, உச்சியை அடைந்தார்கள். ஜூலை 17 முதல் 19 வரை.

ஆக, 'மேற்குச் சுவரின் முதல் ஏற்றம்' என்று ஒரே வரியில் எழுதுவது சரியல்ல. இரண்டு துண்டு. நடுவே போல்ட் ஒட்டு. சுவரைத் தொடர்ச்சியாக ஏறியது பின்னால் வந்தவர்கள்தான்.

#7 — வடமுகம்

பிட்டன்பை, உண்மைதான், ஆனால் சூழலையும் சேர்த்துப் பாருங்கள். அந்த மூலைக்கு மேலே எப்படிப் போவதென்று யாருக்கும் தெரியாது. கையில் இருந்தது மிருதுவான எஃகு ஆணி, மர ஆப்பு, கையால் சுற்றி அடிக்கும் துளையுளி. கிரானைட்டில் கையால் ஒரு துளை போடவே நெடுநேரம் ஆகும். அதுவும் கயிற்று ஏணியில் தொங்கிக்கொண்டு. சில போல்ட்டுகளுக்காக அவர்கள் ஏற்றத்தையே தள்ளிவிடுவது நியாயமில்லை. குறுக்கு நகர்வுக்கு மட்டும்தான் துளையிட்டார்கள். மூலையை விரிசலில் ஆணி அடித்தே ஏறினார்கள்.

#8 — பிட்டன்பை

தள்ளவில்லை, வடமுகம். துணிச்சலில் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. கணக்கில் மட்டும் பிரித்து எழுத வேண்டும் என்கிறேன். 1954-ல் ஜோ பிரவுனும் டான் வில்லன்சும் இதே வழியை வேகமாக ஏறினார்கள். எங்கே வேகம் வந்தது? பிரிட்டனின் மணற்கல் விரிசல்களில் பழகிய கைமுட்டிப் பிடிப்பு. விரிசலுக்குள் கையைச் செலுத்தி, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கினால் கை தடித்து இறுகிக்கொள்ளும். அதில் உடல் எடையைத் தொங்கவிடலாம். மற்றவர் ஆணி அடித்துக் கயிற்று ஏணி மாட்டிய இடங்களில் அவர்கள் ஆணியே அடிக்காமல் போனார்கள். அதே ஆண்டு அதே இருவர் பக்கத்து மலை பிளெத்தியேரில் ஏறிய விரிசல் இன்றும் பிரவுன் விரிசல் என்றே அறியப்படுகிறது.

இரண்டே ஆண்டில் ஒரு சுவர் இவ்வளவு மாறுகிறதென்றால் மாறியது பாறையல்ல, நுட்பம். ஆகவே முறை எது என்று குறித்து வைப்பது அவசியம்.

#9 — நீலக்குறிஞ்சி

போனாட்டி தனியாளாகத் தூணை ஏறினார் என்று எங்கும் போட்டிருக்கிறது. தனியாளுக்குக் கயிறு பிடிக்க ஆளில்லையே, எப்படி? இதை யாராவது படிப்படியாகச் சொல்லுங்களேன்.

#10 — மூத்தகயிறு

சொல்கிறேன். 1955 ஆகஸ்ட் 17 முதல் 22 வரை. வால்டர் போனாட்டி மேற்குச் சுவரின் அடியிலிருந்து நேராகத் தொடங்கவில்லை. ஷார்ப்புவா பக்கமாக வந்து, ஃபிளாம் து பியேர் முகட்டைத் தாண்டி, மறுபக்கம் கயிறு விட்டுத் தூணின் அடிக்கு இறங்கினார். இறங்கிய கயிற்றை இழுத்த பிறகு திரும்பும் வழி கிட்டத்தட்ட அடைந்துவிடும். அந்த முடிவின் கனம் அங்கேதான்.

தனியாள் ஏறும் முறை இது. முதலில் கயிற்றின் ஒரு முனையை உறுதியான ஆணிகளில் கட்ட வேண்டும். மறுபக்கத்தைத் தன் இடுப்பில் நெகிழ்த்திக்கொண்டே ஏறி, வழியில் ஆணி அடித்துக் காரபினரில் (திறந்து மூடும் உலோகக் கொக்கி) கயிற்றை மாட்ட வேண்டும். விழுந்தால் கீழ்நங்கூரமும் நடு ஆணிகளும் பிடிக்கும். கயிறு தீர்ந்ததும் மேலே புதிய நங்கூரம். பிறகு அதே கயிற்றில் இறங்கி, கீழே கட்டியதை அவிழ்த்து, ஆணிகளைத் தட்டிப் பிடுங்கிக்கொண்டு மறுபடி மேலே ஏற வேண்டும். கடைசியாகப் பையை இழுக்க வேண்டும். அதாவது ஒவ்வொரு கயிற்று நீளத்தையும் இரண்டு முறை ஏறி ஒரு முறை இறங்குகிறார். ஆறு நாள் ஆனதற்கு இந்தக் கணக்கே போதும்.

எங்கே சிக்கல்? பை. தூண் நேராக இருந்தால் பை சுவரை ஒட்டி வரும். பிதுக்கத்துக்கு அடியில் மாட்டினால் ஆள் திரும்ப இறங்கித்தான் விடுவிக்க வேண்டும். தவிர, பையில் இருந்த எரிபொருள் கசிந்து உணவு கெட்டது. சுத்தியடி பட்டு விரல் நுனியும் போனது.

ஐந்தாம் நாள் கதைக்கு வருகிறேன். மேலே விரிசல் முடிந்துவிட்டது. இடப்பக்கம், வலப்பக்கம், எங்கும் ஆணி நுழையாது. சற்றுத் தள்ளி, பிதுக்கத்துக்கு மேலே, பாறைச் சில்லுகள் சில கைவிரல்கள் போலப் பிரிந்து நின்றன. கயிற்று முனையில் முடிச்சுகளும் வளையங்களும் போட்டு ஒரு கொத்தாக்கி, அந்தச் சில்லுகளுக்கிடையே எறிந்தார். பல முறை நழுவி வந்தது; கடைசியில் ஒரு முறை சிக்கிக்கொண்டது. இழுத்துப் பார்த்தார், நின்றது. பாறையை விட்டுக் காற்றில் ஊசலாடிச் சென்று, கை மாற்றிக் கை மாற்றிக் கயிற்றில் ஏறினார். சிக்கிய இடம் கண்ணுக்குத் தெரியாது. இழுக்கும் திசையும் ஊசலாடும் திசையும் வேறு வேறு. கீழ்நோக்கி இழுத்தபோது நின்ற முடிச்சு பக்கவாட்டில் இழுபடும்போது கழன்றுவிடலாம். சோதித்துப் பார்த்தது பாதி உறுதிதான் என்று தெரிந்தே போனார்.

அந்தச் சில்லுகள் இன்று இல்லை. தூணோடு போய்விட்டன.

#11 — பிட்டன்பை

ஆணியைப் பற்றி ஒரு சேர்க்கை, ஏனென்றால் 1962-ன் மாற்றம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

ஐரோப்பிய ஆணி மிருதுவான எஃகு. அடிக்கும்போது விரிசலின் வளைவுக்கேற்ப வளைந்து பற்றிக்கொள்ளும். பிடி நல்லதுதான், ஆனால் பிடுங்கினால் உருக்குலையும். ஆகவே பாறையிலேயே விட்டுவிடுவார்கள். நீண்ட சுவருக்கு இது தலைவலி: எத்தனை ஆணி தேவையோ அத்தனையும் சுமக்க வேண்டும்.

கலிபோர்னியாவின் யோசெமிட்டியில் வேறு வழி பிறந்தது. குரோம்-மாலிப்டினம் கலந்த கடினமான எஃகு ஆணி. வளையாது, விரிசலின் சுவர்களுக்கிடையே இறுகி நிற்கும். இரு பக்கமும் மாறி மாறித் தட்டினால் முழுதாக வெளியே வரும். ஒரே ஆணியைத் திரும்பத் திரும்ப அடிக்கலாம். அடிக்கும்போதே ஒலியைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் ஓசை உயர்ந்துகொண்டே போனால் நல்ல பிடி. 'டக் டக்' என்று மந்தமாக நின்றால் உள்ளே வெற்றிடம், அல்லது ஆடும் சில்லு.

1962 ஜூலையில் ராயல் ராபின்சும் கேரி ஹெமிங்கும் இந்தக் கருவியோடு சுவரின் அடியிலிருந்து நேராகத் தொடங்கி, சிக்கிய பாறை எனும் இடம் வழியாக 1952 வழியோடு சேர்ந்தார்கள். மூன்று நாள். அதுதான் அமெரிக்க நேர்வழி. பழைய வழி சுற்றிக்கொண்டு தொடங்கிய இடத்தில் இவர்கள் குறுக்கே வெட்டினார்கள். 1965 ஆகஸ்டில் ராபின்ஸ், ஜான் ஹார்லினோடு சேர்ந்து இன்னும் நேரான கோட்டை நான்கு நாளில் ஏறினார். நடுவழியில் விழுந்த கல் ஹார்லின் காலில் பட்டது; அப்படியே முடித்தார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் சுவிட்சர்லாந்தின் ஐகர் வடக்குச் சுவரில் கயிறு அறுந்து ஹார்லின் இறந்தார்.

கடின ஆணிக்கும் ஒரு விலை உண்டு. திரும்பத் திரும்ப அடித்துப் பிடுங்கினால் விரிசலின் விளிம்பு உடைந்து அகலும். பிறகு வந்த நட்டும் (விரிசலில் செருகும் உலோக ஆப்பு) கேமும் (விரிசலுக்குள் விரிந்து பிடிக்கும் கருவி) சுத்தியடி இல்லாமலே பொருந்துவதால் அந்தச் சேதத்தை நிறுத்தின.

#12 — வடமுகம்

1966 மீட்பையும் ஒரு வரியாவது குறிக்க வேண்டும். ஆகஸ்டில் ஹைன்ஸ் ராமிஷ், ஹெர்மன் ஷ்ரிடெல் என்ற இரு ஜெர்மானியர்கள் மேற்குச் சுவரின் மேல்பகுதியில் ஒரு குறுகிய திட்டில் நாட்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். ராணுவ மீட்புக் குழு மற்ற பக்கங்களிலிருந்து எஃகுவடத்தோடு நெருங்க முயன்றது. ஹெமிங், ரெனே தெமெசோன், மிக் பர்க் முதலியோர் கொண்ட குழு கீழிருந்து மேற்குச் சுவரையே ஏறி அவர்களை அடைந்து, கயிறு விட்டு இறக்கிக் கொண்டுவந்தது. மீட்கப் போன வொல்ஃப்காங் ஈக்லே இறங்கும்போது இறந்தார். அந்த வழியில் கோடைதோறும் ஏறிப் பழகியவர்களுக்கு அங்கே எந்த ஆணி எங்கே இருக்கிறதென்று தெரியும். வடம் கட்டி மேலிருந்து வருபவர்களுக்குத் தெரியாது. வேறுபாடு அதுதான்.

தெமெசோன் அந்தச் சுவரை 1957 மார்ச்சிலேயே ழான் கூசியோடு குளிர்காலத்தில் முதலில் ஏறியவர்.

#13 — கல்வரை

எல்லோருக்கும் நன்றி. இனி இடிவு. ஏன் விழுந்தது என்று யாராவது கட்டமைப்பிலிருந்து விளக்க முடியுமா? 'பருவநிலை மாற்றம்' என்று மட்டும் சொன்னால் எனக்குப் போதாது.

#14 — உறைநிலம்

என் துறைக்குப் பக்கத்தில் வரும் விஷயம், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பாறை சுமார் 30 கோடி ஆண்டு பழைய கிரானைட். கல் திடமானது, ஆனால் அதில் செங்குத்தான வெடிப்புகள் ஒழுங்காக ஓடுகின்றன. ஏறுபவருக்கு நேர்த்தியான விரிசலும் மூலையும் கிடைப்பது அதனால்தான். அதே வெடிப்புகள்தான் பாறையைப் பலகை பலகையாகப் பிரித்தும் வைக்கின்றன. இரண்டு செங்குத்து வெடிப்பும் வெளிநோக்கிச் சரிந்த ஒரு வெடிப்பும் சந்தித்தால், அந்தத் துண்டைப் பிடித்து வைத்திருப்பது உராய்வும், இடையே உள்ள பாறைப் பாலங்களும், பனியும்தான்.

பனி என்பது வெடிப்புக்குள் ஆண்டு முழுதும் உறைந்திருக்கும் நீர். மைனஸ் 5 டிகிரியில் அது நல்ல ஒட்டு. வெப்பம் ஏற ஏற வலு குறையும். ஆய்வகச் சோதனைகளில் மைனஸ் 1.5-க்கும் பூஜ்யத்துக்கும் இடையில் பனி நிறைந்த வெடிப்பு மிகப் பலவீனமாக இருந்தது. பனி உருக வேண்டும் என்றில்லை, பூஜ்யத்தை நெருங்கினாலே போதும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

அடுத்தது வெப்பம் உள்ளே போகும் வேகம். கிரானைட்டில் 10 மீட்டர் ஆழத்துக்குக் கோடையின் சூடு போய்ச்சேர ஐந்தாறு மாதம் ஆகும். பல ஆண்டுகளின் வெப்ப உயர்வு இன்னும் ஆழமாக, இன்னும் தாமதமாகப் போகும். ஆனால் உருகிய நீர் வெடிப்பு வழியே இறங்கினால் தாமதமே இல்லை. நேராக உள்ளே சூட்டைக் கொண்டுபோகும். வெளிவாய் உறைந்து அடைபட்டால் உள்ளே நீரின் அழுத்தமும் சேரும். ட்ரு போன்ற ஒல்லியான முனையில் தெற்குப் பக்கத்துச் சூடு வடக்கு நோக்கிக் கடந்து வரும். ஆகவே நிழலில் இருக்கும் முகமும் பாதுகாப்பல்ல.

இப்போது நிகழ்வுகள். 1997 செப்டம்பரில் பெரிய இடிவு. 2003-ன் வெப்ப அலையில் மறுபடியும். அந்த ஆண்டு ஜூலையில் மாட்டர்ஹார்னின் ஹோர்ன்லி முகட்டிலும் பாறை விழுந்தது. பிறகு 2005 ஜூன் இறுதியில் 2,65,000 கன மீட்டர். கிரானைட்டின் அடர்த்தியால் பெருக்கினால் ஏறத்தாழ 7 லட்சம் டன். போனாட்டி தூண் முழுதும் அதில் போனது. 2011 இலையுதிர்காலத்தில் அதே தழும்பிலிருந்து மீண்டும் பெரிய இடிவுகள். ஒவ்வொரு இடிவும் அடுத்ததன் காலை வாங்கிவிடுகிறது. கீழே தாங்கிய துண்டு போனால் மேலே உள்ளது தொங்கலாகிறது. புதிதாக வெளிப்பட்ட பாறைக்கு முதன்முறையாக வெயில் படுகிறது.

பக்கத்திலுள்ள எக்வீ து மிதி உச்சியில், 3,842 மீட்டரில், 2009 முதல் பாறையில் 10 மீட்டர் துளையிட்டு வெப்பநிலை அளக்கிறார்கள். ஊகத்தை விட்டு அளவீட்டுக்கு வர அது பெரிய உதவி.

#15 — பிட்டன்பை

உறைநிலம் சார், ஒரு எதிர்க்கேள்வி. 1950-லேயே இந்தச் சுவரில் பெரிய இடிவு நடந்திருக்கிறது. அப்போது இன்றைய வெப்பம் இல்லையே? கட்டமைப்பே இடியும் கட்டமைப்பு என்றால் பனியை ஏன் குற்றவாளியாக்க வேண்டும்?

#16 — உறைநிலம்

சரியான கேள்வி. கட்டமைப்பு இல்லாமல் எதுவும் விழாது, அது முன்நிபந்தனை. 1940-களும் வெப்பமான பத்தாண்டுதான் என்பதையும் நினைவில் வையுங்கள். சிறு பனியுகம் முடிந்ததிலிருந்து கீழே பனியாறு மெலிந்து, சுவரின் அடிக்கு இருந்த முட்டும் குறைந்து வருகிறது. பழைய புகைப்படங்களை அடுக்கி ஒப்பிட்டவர்கள் கண்டது இதுதான்: 1950-ல் இருந்து கணக்கெடுத்தால், இடிவுகள் நெருங்கியும் பெருத்தும் வருவது கடைசி முப்பது ஆண்டில். எது விழும் என்பதை வெடிப்பு தீர்மானிக்கிறது, எப்போது விழும் என்பதைப் பனி தீர்மானிக்கிறது. ஒன்றைச் சொல்லி மற்றதை விட முடியாது.

#17 — பிட்டன்பை

ஏற்கிறேன். ஆனால் அப்படியானால் 'காலையில் உறைந்திருக்கும்போது போனால் பத்திரம்' என்ற பழைய விதி இந்தச் சுவருக்குப் பொருந்தாது, இல்லையா?

#18 — உறைநிலம்

மேற்பரப்பில் தளர்ந்த சிறுகல்லுக்குப் பொருந்தும். ஆழத்தில் இருந்து கழலும் பெருந்துண்டுக்குப் பொருந்தாது. அது நள்ளிரவிலும் விழும், அக்டோபரிலும் விழும். முன்னெச்சரிக்கை என்று ஒன்று கிடைத்தால் அது சில நாள் முன்பிருந்தே சிறு கற்கள் ஒரே இடத்திலிருந்து தொடர்ந்து விழுவது. அதைக் கண்டால் அந்தக் கோட்டுக்கு அடியில் நிற்கவே கூடாது.

#19 — வடமுகம்

கல்வரையின் முதல் கேள்விக்கு நேர்ப் பதில்.

போனாட்டி தூண்: இல்லை. டெஸ்டிவெல் 1991-ல் 11 நாள் தனியாக ஏறிய வழி: இல்லை. லஃபாயின் 2001 வழி: இல்லை. 1965 மிகுநேர்வழி: பெரும்பகுதி போய்விட்டது. அமெரிக்க நேர்வழி: தழும்பின் ஓரத்தில் இருப்பதால் பாறை கணிசமாக மிச்சமிருக்கிறது, 1982-ல் கிறிஸ்டோஃப் ப்ரோஃபி 3 மணி 10 நிமிடத்தில் கயிறில்லாமல் ஏறியது இதைத்தான். ஆனால் அடிவாரத்துக்குப் போகும் பாதையே கல் விழும் வாய்க்கால். ஏறும் தரத்தைப் பார்த்து இதற்குத் திட்டமிட வேண்டாம். தழும்பிலேயே குளிர்காலத்தில் புதுக் கோடு போட்டிருக்கிறார்கள், பிரெஞ்சு ராணுவத்தின் உயர்மலைக் குழு 2021-ல். எல்லாம் உறைந்து இறுகிய நேரத்துக்கு மட்டுமே அது.

வடக்குச் சுவரும், 1973 டிசம்பரில் செக்கினெலும் ழாஜேயும் ஏறிய வடகிழக்குப் பனி வாய்க்காலும் உயிரோடு இருக்கின்றன. இவற்றுக்கும் ஆட்கள் போவது இப்போது கோடையை விட்டுக் குளிரிலும் வசந்தத்திலும்தான். வறண்ட கோடையில் நீஷ் பனி கரைந்து, அது பிடித்துவைத்த கல்லெல்லாம் கீழே வரும். அடிவாரத்தை அடையும் வழியும் மாறிவிட்டது. கிராண் மொந்தே ரோப் காரின் இடைநிலையம் (லோஞான்) 2018 செப்டம்பரில் எரிந்துபோனது. ரோப் காரில் மேலே போய் எளிதாக இறங்கி அடிவாரம் சேர்ந்த கணக்கு பழைய நூலில் இருந்தால் அதை நம்பாதீர்கள். பல மணி நேரம் கூடும்.

#20 — நீலக்குறிஞ்சி

கோடையில் ஏறத்தக்கது என்று எதுவும் இல்லையா?

#21 — மூத்தகயிறு

இருக்கிறது. இரு உச்சிகளையும் இணைக்கும் குறுக்கு ஏற்றம், ஷார்ப்புவா பக்கத்திலிருந்து. மோன்டென்வேரிலிருந்து இரும்பு ஏணிகளில் மேர் து கிளாஸ் பனியாற்றுக்கு இறங்கி, கடந்து, மறுகரை ஏறி 2,841 மீட்டரில் உள்ள ஷார்ப்புவா குடிலில் தங்க வேண்டும். பனியாறு ஆண்டுதோறும் தாழ்வதால் ஏணிகள் நீண்டுகொண்டே போகின்றன. பாதை எந்தப் பக்கம் என்று குடில் காப்பாளரிடம் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

நள்ளிரவுக்குப் பின் இரண்டு மூன்று மணிக்குக் கிளம்பி, பனியாற்றைத் தாண்டி, ஃபிளாம் து பியேர் முகட்டுக்கு ஏறி, சின்ன ட்ருவின் தெற்குப் பக்கம். அதன் உச்சியில் 1919-ல் நிறுத்திய அலுமினிய மாதா சிலை உண்டு. 1913-ல் தூக்கத் தொடங்கி, வானிலையும் போரும் குறுக்கிட்டது. பிறகு இரு உச்சிகளுக்கும் நடுவே உள்ள இடைவெளிக்கு இறங்கி, வடக்கில் 'இசட்' வடிவில் பெரிய ட்ருவுக்கு. அந்த இசட்டில் பெரும்பாலும் பனிக்கட்டி இருக்கும். 'பாறை ஏற்றம்தானே' என்று கிராம்பானை (காலணியில் மாட்டும் பனி முட்கள்) கீழே வைத்துவிட்டுப் போனவர்கள் நிற்பது இங்கேதான்.

சாமான்: 50 மீட்டர் அரைக்கயிறு (இரண்டாகச் சேர்த்தே பயன்படுத்தும் மெல்லிய கயிறு) இரண்டு, ஒரு தொகுதி நட்டு, நடுத்தர அளவு கேம் நான்கைந்து, கொம்பில் மாட்ட 120 செ.மீ. பட்டைகள் ஐந்தாறு, வெட்டி விட 6 அல்லது 7 மி.மீ. துணைக்கயிறு 10 மீட்டர், இலகுவான பனிக்கோடாரி, கிராம்பான்.

#22 — பிட்டன்பை

இறக்கத்தை அடிக்கோடிடுகிறேன். பெரிய ட்ருவிலிருந்து தென்கிழக்கே நீண்ட ராப்பெல் வரிசை. ஏறி முடித்துக் களைத்த நேரத்தில் வரும் வேலை. கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

பழைய பட்டைகளின் கொத்தைப் பார்த்து நம்பாதீர்கள். வெயிலில் நைலான் வெளுத்து வலுவிழக்கும். பத்துப் பழம்பட்டை சேர்ந்தாலும் ஒரு புதிய கயிற்றுக்கு ஈடாகாது. சொந்தத் துணைக்கயிற்றை வெட்டிக் கட்டுங்கள். இரண்டு புள்ளிகளை இணைக்கும்போது இடைக்கோணம் 60 பாகைக்குள் இருக்கட்டும். விரிந்தால் ஒவ்வொரு புள்ளியிலும் சுமை கூடும்.

இரு கயிறையும் இணைக்கச் சாதாரண ஒற்றை முடிச்சு, வால் முழங்கை நீளத்துக்குக் குறையாமல், இறுக்கி இழுத்து. பருமனான முடிச்சு விரிசலில் மாட்டும். இது விளிம்பில் உருண்டு வரும். எந்த நிறக் கயிற்றை இழுக்க வேண்டும் என்று கிளம்புமுன் இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். கயிற்று முனைகளில் தடை முடிச்சு போடுங்கள்; இழுக்கும் முன் அவிழ்க்க மறக்காதீர்கள். காற்றில் கயிற்றை எறியக் கூடாது. சில்லுகளுக்கிடையே போய்ச் சிக்கும். மடித்து இடுப்பின் இருபக்கமும் தொங்கவிட்டு இறங்கிக்கொண்டே விடுங்கள். முதலில் இறங்குபவருக்குப் பிரூசிக் (எடை ஏறினால் கயிற்றில் இறுகிப் பிடிக்கும் முடிச்சு) கட்டாயம்.

கயிறு மேலே சிக்கினால், இரு முனையும் கையில் இருக்கும்வரை பிரூசிக்கில் திரும்ப ஏறலாம். ஒரு முனை மேலே போய்விட்டால் ஏறவே கூடாது. எது பிடித்திருக்கிறது என்று தெரியாது. கையில் உள்ள நீளத்தை வெட்டிக்கொண்டு குட்டை ராப்பெல்லாகப் போங்கள்.

#23 — வடமுகம்

ஆகஸ்ட் பாதிக்குமேல் பனியாற்றுக்கும் பாறைக்கும் நடுவே உள்ள பிளவு அகலமாகிவிடும். காலையில் தாண்டிய பனிப்பாலம் மாலையில் இருக்காது. கடைசி ராப்பெல்லை அந்தப் பிளவையும் தாண்டிப் போய் இறங்கும்படி திட்டமிடுங்கள்.

#24 — நீலக்குறிஞ்சி

தொலைபேசி எடுக்காத இடத்தில் மாட்டினால்?

#25 — மூத்தகயிறு

எடுத்தால் 112, ஷமோனியில் ஜாந்தாம்மெரி எனும் பிரெஞ்சுக் காவல் படையின் உயர்மலைப் பிரிவு வரும். எடுக்காவிட்டால் பழைய ஆல்ப்ஸ் அபாயக் குறியீடு. நிமிடத்துக்கு ஆறு முறை, அதாவது பத்து நொடிக்கு ஒரு முறை, விளக்கோ விசிலோ குரலோ. பிறகு ஒரு நிமிடம் நிறுத்தம். மறுபடி ஆறு. பதில் நிமிடத்துக்கு மூன்று முறை வரும். பதில் கிடைத்த பிறகும் நிறுத்தாதீர்கள். உங்கள் இடத்தைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு அது வேண்டும். இந்தக் குறியீட்டை 1894-ல் முன்வைத்தவர் கிளின்டன் டென்ட், இதே பெரிய ட்ருவின் முதல் ஏற்றக்காரர்.

ஹெலிகாப்டர் நெருங்கினால் இரு கையையும் மேலே தூக்கி விரித்து நின்றால் உதவி தேவை என்று பொருள். ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்றால் தேவையில்லை. தளர்வான துணி, பை, கயிறு எல்லாவற்றையும் முன்பே கட்டிவிடுங்கள். சுழலியின் காற்றில் அவை மேலே பறந்தால் விமானிக்கு ஆபத்து.